கடலோரப் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுப் பணமும்: ராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, எங்கள் ஊர் வலைக்கூடத்தில் சாயங்கால வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், தென்கடலைப் (மன்னார் வளைகுடாவை) பார்த்த சின்ன ஊர். அப்பா நாட்டுப்படகில் போனவர், அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் வாசலில் நின்று ஏதாவது கேட்பார்கள். பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். அங்கேயும் அதே சந்தேகங்கள்தான் வந்தன. பக்கத்து ஊர்களிலிருந்து போனில் கேட்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து வைக்கிறேன்.

"மீன் விலைக்கும் எம்புள்ள படிப்புக்கும் என்னக்கா சம்பந்தம்?"

கடல் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. படகு திரும்பியதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் சம்மாட்டிக்கும் (படகின் சொந்தக்காரர்) ஆட்களுக்கும் பங்கு. பாடு, அதாவது கிடைத்த மீன், நன்றாக இருந்தால் ஒரே நாளில் கை நிறையும். இல்லாவிட்டால் செலவுக்கே காணாது. ராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி மட்டும்தான், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் அந்த மூன்று நாளும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது.

பள்ளியும் கல்லூரியும் தேதி போட்டுப் பணம் கேட்பவை. பேருந்துக்கு, வேனுக்கு, தேர்வுக் கட்டணத்துக்கு, விடுதிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் உண்டு. கடல் அந்தத் தேதியைப் பார்த்துக் காசு தருவதில்லை. இடையில் விழும் பள்ளத்தைக் கடன் வாங்கித்தான் மூடுகிறோம். எங்கள் கரையில் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளில் நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். "படிக்க வேண்டாம்" என்று நினைத்த பெற்றோர் மிகக் குறைவு. கடன் எங்கே முற்றியதோ, அங்கேதான் படிப்பு நின்றிருந்தது.

விலையும் நம் கையில் இல்லை. நாம் பிடிக்கும் இறால், நண்டு, கணவாயில் நல்ல சரக்கெல்லாம் ஏற்றுமதிக்குப் போகிறது. இந்திய இறாலுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை. 2025 ஆகஸ்டில் அந்த நாடு இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கு மண்டபம், பாம்பன் என்று இரண்டு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் இங்கே ஒரு வீட்டில் டியூஷன் தொடருமா நிற்குமா என்பது வரை அந்தக் கணக்கு வந்து தொடுகிறது.

"ஜூன் மாசம் வந்தா மட்டும் ஏன் எல்லா வீட்டுலயும் சண்டை?"

காலண்டரைப் பார்த்தாலே புரியும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் கூட்டினார்கள். பள்ளி திறப்பது ஜூனில். அதாவது இரண்டு மாதம் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் வரவே இல்லாமல் இருந்து, கை முழுக்கக் காலியாகும் நேரத்தில்தான் பள்ளிச் செலவு வந்து நிற்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் கல்லூரிச் சேர்க்கையும் இதே மாதங்களில்.

தடைக்காலத்தில் படகுக்காரருக்கும் செலவுதான். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலை சரி செய்ய வேண்டும். அதற்கும் கடன். அதனால் ஜூன் 15 அன்று கடலுக்குப் போய் முதல் நடையிலேயே நல்ல இறால் விழுந்தாலும், அந்தக் காசு முதலில் போவது பழைய கடனுக்கு. பிள்ளையின் பங்கு அடுத்த நடைக்குத் தள்ளிப்போகிறது. வீட்டில் வரும் சண்டை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடப்பது போலத் தெரியும். உண்மையில் இரண்டு காலண்டர்கள் இடித்துக்கொள்கின்றன.

"தடைக்காலத்துக்கு அரசாங்கம்தான் பணம் தருதே, அது பத்தாதா?"

2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தி முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 8,000ஐ 61 நாளால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 131 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது அரிசிக்கும் குழம்புக்கும் சரியாகப் போகும்.

சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது. நாம் 1,500 கட்டினால் மாநிலமும் மத்திய அரசும் தலைக்கு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திரும்பும். இது கைக்கு வரும் மாதம்தான் முக்கியம். ஜூனுக்கு முன்னால் வந்தால் புத்தகப் பையாக மாறும். தள்ளிப் போனால் வட்டியாகப் போய்விடும்.

"அரசுப் பள்ளியில ஃபீஸே கிடையாது. புக்கு, யூனிஃபார்ம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. அப்புறம் எதுக்குப் பணம் பணம்னு சொல்றீங்க?"

இலவசம் என்பது பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு என்று வந்ததெல்லாம் எங்கள் கரையில் நேரடியாகப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டி வந்திருக்கிறது. விடியற்காலை அலைவாய்க்கரைக்குப் போகும் அம்மா, பிள்ளை வெறும் வயிற்றோடு போகுமே என்று இப்போது பதற வேண்டியதில்லை.

ஆனால் வேறொரு செலவு இருக்கிறது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவன் சம்பாதித்திருக்கக்கூடிய காசு. 14, 15 வயதுப் பையன் கரைவலை இழுக்கப் போனாலோ, ஐஸ் பெட்டி தூக்கினாலோ அன்றைக்கே கையில் காசு. ஐந்தாம் வகுப்பில் இந்தச் செலவு கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் அது வந்து நிற்கிறது. வசதியான வீட்டில் இதை யாரும் எண்ணுவதில்லை. எங்கள் ஊரில் இது தினமும் எண்ணப்படும் காசு.

"பயலுக்குப் படிப்பு ஏறல, கடலுக்குத்தான் போவேங்கிறான். நான் என்ன செய்ய?"

ஏறவில்லை என்று முடிவு கட்டும் முன்பு எந்த வகுப்பிலிருந்து ஏறவில்லை என்று பாருங்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தால் நிலைமை தலைகீழ். அதற்கேற்பச் சில குடும்பங்கள் படகோடு இடம் மாறிப் போகும். சாயல்குடி பக்கம் பனையேறும் குடும்பங்களும் பதனீர்க் காலத்தில் விடிலி (ஓலைக் குடிசை) போட்டுத் தங்கிவிடுவார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்தில் வகுத்தலும் பின்னமும் போய்விடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் பாடம் எங்கேயோ இருக்கும். மூன்றாம் வகுப்பில் விழுந்த ஓட்டை எட்டாம் வகுப்பில் "மண்டையில ஏறல" என்று பெயர் வாங்குகிறது.

என்னிடம் வந்த ஒரு பையனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வராது. ஆனால் ஏலத்தில் 37 கிலோ நண்டு என்ன விலைக்குப் போகும், தரகர் கமிஷன் போக எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்வான். அவனுக்கு அந்த வழியிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்தோம். பத்தாம் வகுப்பு தேறினான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி முடிந்த பிறகு குடும்பத் தொழிலில் கூடமாட உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை. பள்ளி நேரத்தில் வலை ஏற்ற அழைத்துப் போவது அதில் சேராது.

"அம்மா பாசிக்குப் போயிட்டா சின்னதுகளப் பாக்க ஆள் வேணும்ல? மூத்த பொண்ண ஒரு நாலு நாள் வீட்ல நிறுத்தினா என்ன தப்பு?"

இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த மூத்த பெண் நான்தான். பாசி எடுப்பது அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மாதத்தில் 12 நாள் என்று பெண்களே கூடி வைத்த கட்டுப்பாடு. அந்தப் 12 நாளும் அக்கா வீட்டில் என்றால் வருகைப் பதிவேட்டில் பாதி மாதம் போய்விட்டது. "நாலு நாள்" என்று ஆரம்பிப்பது அப்படித்தான் முடிகிறது.

அம்மாவின் நிலையையும் பார்க்க வேண்டும். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது. கடலைக் காக்கும் நோக்கம் சரி, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் தீவை ஒட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்த வருமானத்தை ஈடு செய்ய வேறொன்று உடனே வரவில்லை. 2000க்குப் பிறகு மண்டபம் பக்கம் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் வேலை வந்தது, தொடக்கத்தில் பெப்சி கம்பெனி வாங்கியது. 45 நாளில் அறுவடை, குழுவாகச் செய்யலாம், வீட்டுக்குப் பக்கம், நேரம் நம் கையில். பல பெண்களின் மகள்கள் அந்தக் காசில்தான் பிளஸ் டூ தாண்டினார்கள். பிறகு 2013ஐ ஒட்டிக் கடல் சூடாகிப் பாசி அழுகியபோது அதே வீடுகளில் குழு லோன் தவணை தவறியது. ஒரே பொருள், ஒரே வாங்குபவர் என்று நம்பினால் இப்படித்தான் ஆகும்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: நிறுத்தாதீர்கள். அங்கன்வாடியில் சின்னவர்களை விடலாம். பாசிக்குப் போகும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு பாட்டியை ஏற்பாடு செய்யலாம். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறோம்.

"இங்கிலீஷ் மீடியத்துல போட்டாத்தானே நாளைக்கு வேலை கிடைக்கும்? கடன் வாங்கியாவது மெட்ரிக்ல சேக்கலாமா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து போகும்போது ஏறாத வீட்டுக்கு ஒரு கூச்சம் வருகிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் சேர்க்கும் முன்பு 12ஆம் வகுப்பு வரை கூட்டிப் பாருங்கள். ஃபீஸ், வேன், புத்தகம், அதோடு வட்டி. எல்.கே.ஜி.யில் கட்ட முடிந்தது ஆறாம் வகுப்பில் முடியாமல் போய், நடுவில் பிள்ளையை மாற்றும் வீடுகள் நிறைய. நடுவில் மாற்றினால் பிள்ளை இரண்டு பக்கமும் ஒட்டாமல் தவிக்கும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் கிடைப்பவற்றையும் தராசில் வையுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல். மெட்ரிக்கில் படித்தால் இவை கைவிட்டுப் போகும் என்பதைச் சேர்க்கையன்று யாரும் சொல்வதில்லை.

இதில் ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கிறார்கள். ஊர்ப் பள்ளியில் 64 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வீடுகள் வேனில் ஏறினால் 59. மூன்றாவது ஆசிரியர் பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். மிச்சமுள்ள இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் பார்ப்பார்கள். அதைப் பார்த்து அடுத்த வருடம் இன்னும் ஐந்து வீடுகள் கிளம்பும். கிளம்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் கடைசிவரை அங்கேயே இருப்பார்கள்.

"25 சதவீத ஒதுக்கீட்டுல தனியார்ல ஃப்ரீயா சேத்துட்டா பிரச்சினை முடிஞ்சதுல?"

கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை பிரச்சினை முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் ஒரேயடியாக வரும். நான்காவது கேள்வியில் சொன்ன, பிள்ளையின் சம்பாத்தியம் கண்ணில் படும் வயதும் அதுதான். வேன் செலவு முதல் நாளிலிருந்தே உங்கள் தலையில். சேர்ப்பதென்றால் ஒன்பதாம் வகுப்பில் எந்த அரசுப் பள்ளிக்கு மாற்றப்போகிறோம் என்பதை இப்போதே யோசித்துச் சேருங்கள்.

"ரிசல்ட்ல நம்ம மாவட்டம் மேலதானே இருக்கு? அப்ப என்ன குறை?"

உண்மைதான், பெருமையும்தான். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் ராமநாதபுரம் 96.36 சதவீதத்துடன் மாநிலத்தில் மூன்றாவதாக வந்தது. ஆசிரியர்கள் மாலையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த உழைப்பு அதில் இருக்கிறது.

இதே மாவட்டத்தை 2018இல் மத்திய அரசு, பின்தங்கியவற்றுக்கான "முன்னேற விழையும் மாவட்டங்கள்" பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் இரண்டே மாவட்டங்கள், நாமும் விருதுநகரும். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்? தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. ஒன்பதாம் வகுப்பில் படகேறியவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். தேறிய பிறகு என்ன ஆனார்கள் என்பதும் அதில் தெரியாது. எங்கள் தெருவில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண் ஒருத்தி, விடுதிக் காசு புரளாததால் நண்டு கம்பெனியில் சதை பிரிக்கப் போனாள். பட்டியலில் அவள் தேர்ச்சி பெற்றவள்.

"வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கித்தான் மகள காலேஜ்ல சேத்தேன். தப்புப் பண்ணிட்டனா?"

சேர்த்தது தப்பில்லை. வாங்கிய இடம்தான் உங்களை இறுக்குகிறது. முன்பணம் கொடுத்தவருக்கே சரக்கைப் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. வெளியே கிலோவுக்கு எவ்வளவு போனாலும் நமக்கு அது இல்லை. வட்டி என்று தனியாக வாங்காததால் கடன் மாதிரியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு நடையிலும் விலையில் கழிந்துகொண்டே இருக்கும். மூன்று வருடப் படிப்புக்கு இப்படிக் கட்டுவது நகையை வங்கியில் வைப்பதைவிட மோசம்.

வழிகள் இருக்கின்றன. வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை, வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் என்றால் தொழிற்படிப்புக் கலந்தாய்வில் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு, அதற்கான சான்றிதழை மே மாதமே வாங்கி வையுங்கள். ஒரு வங்கிக் கிளையில் எங்களைப் பார்த்ததும் "மீனவர் வீட்டுக்குக் கடன் கொடுத்தா திரும்பாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை எழுதித் தரச் சொன்னோம். அடுத்த வாரம் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள்.

"கலாம் ஐயா பேப்பர் போட்டுத்தானே படிச்சாரு? கஷ்டப்பட்டா எல்லாரும் படிக்கலாம்ல?"

அவர் ராமேசுவரத்துக்காரர் என்பதால் இந்தக் கேள்வி இங்கே வராமல் இருக்காது. அவர் கஷ்டப்பட்டதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதையில் பணம் எங்கெங்கே நுழைந்தது என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ரயில் ராமேசுவரத்தில் நிற்காமல் போனதால் பேப்பர் கட்டைத் தூக்கி எறிந்தார்கள், அதைப் பிடித்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது, சிறுவனுக்கு ஒரு வேலை வந்தது. பள்ளிப் படிப்புக்கு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போய்த் தங்க முடிந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்துச் சேர 1,000 ரூபாய் போலத் தேவைப்பட்டபோது, அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

திறமையும் உழைப்பும் அந்த இடத்தில் வேண்டிய அளவு இருந்தன. அக்காவின் வளையல் இல்லாவிட்டால் அந்த வருடம் நின்றிருக்கும். எங்கள் கரையில் திறமையும் உழைப்பும் உள்ள பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அடகு வைக்க வளையல் மிஞ்சியிருக்கும் வீடுகள்தான் குறைவு.

"அந்தக் காலத்துல தனுஷ்கோடியில ஸ்கூலு, ஸ்டேஷன் எல்லாம் இருந்துச்சாமே? இப்ப ஏன் இல்ல?"

1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போக முடிந்தது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி என்று ஊர் வளர்ந்தது அந்தப் போக்குவரத்தால். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ரயிலோடு சேர்த்து ஊரையும் கொண்டுபோனது. தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. கப்பல் இல்லை, அதனால் அலுவலகம் இல்லை. சம்பளக்காரர்கள் போனார்கள், தங்கியவர்கள் மீனவர்கள் மட்டும். பிழைப்பு போன இடத்தில் பள்ளியும் நிற்காது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி அது.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அதுவரை மணலில் வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்த வேலை போனது. பதிலுக்குச் சங்கு, பாசிமணி, பொரித்த மீன் கடைகள் வந்தன. விடுமுறைக் கூட்டத்தில் கடைக்கு ஆள் வேண்டும், பிள்ளைகள் நிற்கிறார்கள். விடுமுறை முடிந்தும் சில பிள்ளைகள் நின்றுகொண்டே இருப்பதுதான் கவலை.

"படிச்சவன் எல்லாம் வெளியூரு, வெளிநாடுன்னு போயிடுறான். ஊருக்கு என்ன லாபம்?"

கீழக்கரையைப் பாருங்கள். சங்கு, முத்து வணிகக் காலத்திலிருந்து கடல் கடந்து போன ஊர். பிறகு வளைகுடா நாடுகள். போனவர்கள் அனுப்பிய பணமும் வணிகக் குடும்பங்களின் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1984இல் முகமது சதக் பொறியியல் கல்லூரி, 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி என்று ஊரிலேயே எழுந்தன. சுற்று வட்டாரப் பெண்கள் விடுதிக்குப் போகாமல் பட்டம் வாங்க அது வழி செய்தது.

எங்கள் ஊர்களிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிறார்கள், ஆனால் அங்கேயும் மீன்பிடிப் படகில் வேலைக்கு. போவதற்கே கடன். அனுப்பும் பணம் முதல் இரண்டு வருடம் ஏஜென்ட் கடனுக்கும் பிறகு வீட்டுக்கும் போகிறது. ஊருக்குப் பொதுவாக எதையும் கட்டும் அளவுக்கு மிஞ்சுவதில்லை.

"புருஷன் இலங்கை ஜெயில்ல. படகும் போச்சு. இதுல படிப்பப் பத்திப் பேச வர்றீங்களே?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். 1974, 1976 ஒப்பந்தங்களில் எல்லை வகுக்கப்பட்டது, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. பாக் நீரிணையோ குறுகிய கடல். பிடிபட்டால் ஆட்கள் சில வாரமோ மாதமோ கழித்துத் திரும்பலாம். படகு திரும்புவது அரிது. அந்த வீட்டில் அடுத்த மாதமே மூத்த பையன் வேறொருவர் படகில் ஏறுகிறான். சிறையில் உள்ளவரின் குடும்பத்துக்கு மாநில அரசு நாள் கணக்கில் உதவித்தொகை தருகிறது, அதற்கு மீன்வளத் துறையில் உடனே மனுக் கொடுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் நிலைமையைச் சொல்லுங்கள். மறைத்தால் பிள்ளையை "லீவு போடுறான்" என்றுதான் எழுதுவார்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். மடிவலை இழுக்கும் எங்கள் விசைப்படகுகள் இலங்கைக் கடலின் அடியை வாரும்போது, யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் வலை அறுந்துபோவதும் தமிழ் மீனவர்களுடையதுதான். அங்கேயும் போரில் எல்லாம் இழந்து மறுபடி தொழிலுக்கு வந்த வீடுகள், அங்கேயும் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. ஆழ்கடலுக்கு மாற 80 லட்ச ரூபாய்ப் படகுத் திட்டம் அதே ஆண்டு வந்தது. மானியம் 70 சதவீதம் என்றாலும் மிச்சம் போடக் கூலிக்குப் போகும் மீனவரால் ஆகாது. கடனிலிருந்து வெளியே வர வழியில்லாதவரை எல்லை தாண்டுவதை நிறுத்து என்று சொன்னால் மட்டும் நிற்காது.

"அப்ப கடல் தொழிலையே விட்டுறச் சொல்றீங்களா?"

இல்லை. எங்கள் அப்பா தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்வார். அந்த அறிவு அழிய வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? பிள்ளை கடலுக்குப் போவதென்றால் வேறு வழியில்லாமல் போகக் கூடாது, தெரிந்தெடுத்துப் போக வேண்டும்.

படிப்பும் கடலும் சேரும் இடங்கள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மத்திய அரசின் சிப்நெட் நிறுவனம் சென்னையில் படகு ஓட்டுநர், கடல்சார் இயந்திரப் பிட்டர் படிப்புகளை நடத்துகிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012 முதல் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் நாடு விடுதலை பெற்ற காலத்திலிருந்தே இருக்கிறது. அதன் வேலிக்கு வெளியே வளர்ந்த எத்தனை பிள்ளைகள் உள்ளே விஞ்ஞானியாகப் போயிருக்கிறார்கள் என்று கேட்டால், பள்ளிகளில் இதை யாரும் சொல்லாததன் விளைவு தெரியும்.

"ஜூன் மாசக் கணக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு ஊரா சேந்து எதாச்சும் செய்ய முடியுமா?"

எங்கள் ஊரில் சின்னதாக ஒன்று செய்கிறோம். பாடு நன்றாக இருக்கும் செப்டம்பர், அக்டோபரில் பெண்கள் குழுவில் ஒரு தனிக் கணக்கு. அதிலிருந்து மே கடைசி வாரம் வரை யாரும் எடுக்கக் கூடாது, வைத்தியச் செலவுக்குக்கூட வேறு கணக்குதான். ஜூனில் அதைப் பள்ளிச் செலவுக்கு மட்டும் பிரித்துக்கொள்கிறோம். முதல் வருடம் ஒன்பது வீடுகள், அதில் இரண்டு வீடுகள் நடுவில் விலகின. மற்ற ஏழு வீட்டிலும் அந்த ஜூனில் நகை அடகுக்குப் போகவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போங்கள். பாசிக்குப் போகாத நாளில் கூட்டம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், மாற்றினார்கள்.

"போன வருசமே நின்னுட்டான். இப்ப மறுபடி சேத்துப்பாங்களா?"

சேர்ப்பார்கள். 14 வயது வரை என்றால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். ஆண்டின் எந்த மாதத்திலும் சேரலாம். டி.சி. வரத் தாமதம், வயதுச் சான்று இல்லை என்பதெல்லாம் மறுக்கக் காரணம் ஆகாது. வயது தாண்டியிருந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். யாராவது திருப்பி அனுப்பினால் 14417க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் அது. போன் பண்ணத் தயக்கமாக இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வலைக்கூடத்துக்கு வாருங்கள், சேர்ந்தே பேசுவோம். பையனையும் கூட்டி வாருங்கள்.